மூன்று பேராக எண்ணப்பட்ட என் மகள்

என் வீட்டுக்காரரின் பெயரை அமெரிக்காவிலும் சீனாவிலும் பிரேசிலிலும் யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர் வெண்ணந்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த மனுஷர். கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போவார். வருஷத்துக்கொரு தரம் பழனி போவார். அதற்கு மேல் தூரம் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் சேலத்திலிருந்து வந்திருந்தாள். வந்தால் முதலில் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. நேரே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மோர் கொண்டுபோய் வைத்தபோது திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இது யாரு பேருன்னு பாருங்கம்மா."

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்த இங்கிலீஷ் எழுத்து எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் டிராக்டர் டிரெய்லரின் பின்பக்கம் அதே எழுத்தைத்தான் மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருந்தோம். திரையில் அது வரிக்கு வரி வந்துகொண்டே இருந்தது.

"உங்கய்யன் பேரு எதுக்கு சாமி இதுல வருது?"

"அது நான்தாங்கம்மா," என்றாள்.

விவரம் சொன்னாள். அவள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். வேறொரு நாட்டில் வேறொருத்தர் அதைப் படித்து, தன் கட்டுரையில் அதை எடுத்துச் சொல்கிறார். சொல்லும்போது எழுதியவரின் கடைசிப் பெயரை மட்டும் போடுவது அவர்கள் வழக்கம். அந்தக் கட்டுரைகளில் என் மகளுடைய கடைசிப் பெயர் அவள் அப்பாவின் பெயர். ஆக, கிழங்கு பிடுங்கின மனுஷர் உலகத்துக் கட்டுரைகளிலெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அன்று பொழுதுக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டுக்கூட வந்தேன்.

மகளுக்கு அது பெருமையாக இல்லை. அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் பேராசிரியர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. சேலம் ரோட்டில் இருக்கிற கல்லூரி, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்காணல் வரப்போகிறது. அந்தப் பதவிக்கு எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறாய், அவற்றை எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் ஆளைப் பொறுக்குவார்களாம். எண்ணுவது மனுஷர்கள் இல்லை, உலகத்துக் கட்டுரைகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கிற ஒரு வலைத்தளம். அந்த வலைத்தளம் என் மகளை மூன்று வேறு வேறு ஆட்களாக எண்ணி வைத்திருந்தது. மூன்றும் ஒன்றாக எண்ணப்பட்டால் பதவி அவளுக்கு. இல்லாவிட்டால் கிடைக்காது. அதுதான் அவள் மோரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம்.

ஒருத்தி எப்படி மூன்று பேரானாள் என்பதைச் சொல்கிறேன்.

முதல் ஆள் நாமக்கல்லில் கோழிகளைப் பற்றிப் படித்தவள். மரவள்ளித் தோலைக் காயவைத்து அரைத்துத் தீவனத்தில் கலந்தால் முட்டைக்கோழி என்ன ஆகும் என்று பார்த்தாள். தோலெல்லாம் எங்கள் தோட்டத்துத் தோல். களத்தில் நான்தான் புரட்டிப் போட்டேன், அது வேறு கதை. அந்தக் கட்டுரைகளில் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து இருந்த இனிஷியல் அது.

இரண்டாம் ஆள் பாஸ்போர்ட்டில் பிறந்தவள். மேல் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போக வேண்டும் என்று சேலத்தில் ஓர் ஏஜெண்டிடம் கொடுத்தோம். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எந்த வகையறா என்று சொல்லக் கூட்டப் பெயர் உண்டு, குலதெய்வம் உண்டு, அதையெல்லாம் பெண்பிள்ளை பெயரோடு யாரும் ஒட்டிக்கொண்டு திரிவதில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று ஏஜெண்ட் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை முழுசாக அதில் போட்டுவிட்டான். அவள் அங்கே போய் இறங்கினதும் அத்தனை பேரும் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஃபோனில் அவள் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு கூசியது. அவர் பெயரை நான் வாயால் சொன்னவள் இல்லை. எங்கள் பக்கம் என் வயதுக்காரிகள் யாரும் கட்டினவர் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவோம். அவரோ சிரித்தார்.

"ஏரோப்பிளேன் ஏறாமயே என்னைய அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா பாரு," என்றார்.

அங்கே அவள் கோழியை விட்டுவிட்டுப் பச்சைக்குழந்தையின் வயிற்றில் இருக்கும் கிருமிகளைப் பற்றி எழுதினாள். கோழியின் குடலைப் பார்த்தவளுக்குக் குழந்தையின் குடல் அவ்வளவு தூரமில்லை என்பாள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

மூன்றாம் ஆள் கல்யாணத்தில் வந்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அவள் திரும்பி வந்தாள். அவர் கண் பார்க்கவே கல்யாணத்தை முடித்தோம். மாப்பிள்ளை சேலத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். சம்பந்தி வீட்டில் ரேஷன் கார்டு, வங்கி, கல்லூரி வேலை என்று எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் முதலெழுத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான், எனக்கும் நடந்தது. எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, நான் கட்டுரை எழுதவில்லை. இந்தப் புது இனிஷியலில் அவள் ஜவ்வரிசி மில்லில் மிஞ்சுகிற சக்கையைப் பற்றி எழுதினாள். அதைத் திப்பி என்போம். திப்பியும் மில் தண்ணீரும் ஓடையில் போய் நாறுகிறதே, அதை என்ன செய்யலாம் என்று.

வலைத்தளத்துக்கு இதெல்லாம் தெரியுமா? கோழியைப் பற்றி எழுதினவள் ஒருத்தி, குழந்தையைப் பற்றி எழுதினவர் இன்னொருவர், திப்பியைப் பற்றி எழுதுகிறவள் மூன்றாமவள் என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டது. பெயரும் வேறு, துறையும் வேறு. சேர்ந்து வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

"அந்தக் கோழிக்காரி ரொம்ப வருசமா ஒண்ணுமே எழுதலையாம்," என்றாள் மகள். "செத்திருப்பான்னு நெனச்சுக்கும்."

"வாயைக் கழுவு."

"நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுதுங்கம்மா."

இதில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. மூன்று ஆட்களில் நடுவில் இருந்தவருக்குத்தான் மேற்கோள் குவிந்து கிடந்தது. குழந்தையின் வயிற்றைப் பற்றி எழுதினால் உலகத்து வைத்தியர்களெல்லாம் எடுத்து எழுதுகிறார்கள். திப்பியைப் பற்றி எழுதினால் இங்கே இரண்டு பேர், கேரளாவில் இரண்டு பேர். உழைப்பு என்னவோ ஒன்றுதான் என்றாள், திப்பிக்குக் கொஞ்சம் அதிகம், நாற்றத்துக்கு நடுவே வேலை. ஆனால் கல்லூரி அவளை எந்தப் பெயரில் வேலைக்கு வைத்திருக்கிறதோ அந்தப் பெயருக்கு நேராக இருப்பது திப்பி மட்டும். அதே பதவிக்குப் போட்டி போட்ட வேதியியல்காரருக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள். அவர்கள் துறையில் எழுதுகிறவர்களும் அதிகம், எடுத்துச் சொல்கிறவர்களும் அதிகமாம்.

எனக்கு நியாயமாகப் பட்டதைச் சொன்னேன். "முட்டைக்கோழி தெனம் ஒரு முட்டை போடுது. மரவள்ளி பத்து மாசம் மண்ணுக்குள்ள கெடக்குது. ரெண்டையும் ஒரே தராசுல வெப்பாங்களா?"

இதைக் கேட்டதும் அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

"போன தடவை இண்டர்வியூவுல ஒரு சார் இதையேதாம்மா சொன்னாரு. ஒவ்வொரு துறையும் வேற மாதிரி, ஒரே நம்பரை வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு. எல்லாரும் தலையாட்டுனாங்க. ஆட்டிட்டு நம்பரைத்தான் பாத்தாங்க."

அதனால் அவள் கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். இந்த மூன்று பெயரும் நான்தான், இன்ன இன்ன கட்டுரைகள் என்னுடையவை என்று. வலைத்தளத்துக்கும் எழுதியிருந்தாள். அவர்கள் மெதுவாகத்தான் பதில் போடுவார்களாம். கல்லூரியாவது நேர்காணலுக்கு முன்னால் கடிதத்தை ஏற்றுக்கொண்டால் போதும் என்றிருந்தாள்.

கடிதத்தைச் சரிபார்க்கிற வேலை அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஒரு குமாஸ்தாவுக்கு வந்திருக்கிறது. அவன் என் மகளைக் கேட்டிருக்கலாம். அடுத்த கட்டடத்தில்தான் இருந்தாள். கேட்கவில்லை. கோப்பில் நிரந்தர முகவரிக்கு நேராக எங்கள் வீட்டு நம்பர் இருந்தது, அதற்கு அடித்தான்.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எடுத்ததும் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, கூடவே அய்யா என்றும் சேர்த்து, "அய்யா இருக்காருங்களா?" என்றான். அவர் பெயரை யாராவது அவ்வளவு மரியாதையாகச் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. பேங்க்காரன் என்று நினைத்தேன்.

"அவரு காலமாகி வருசமாச்சுங்களே," என்றேன். "நீங்க யாருங்க?"

கல்லூரியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். மகளுடைய கல்லூரி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அப்படிங்களா, மன்னிக்கோணும்ங்க. அய்யா ஆராய்ச்சியெல்லாம் பண்ணினவருங்களா?"

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒருத்தர் அப்படிக் கேட்டால் நான் இல்லை என்றா சொல்லுவேன்? மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வந்த வருஷம் அவர் காட்டை விட்டு வீட்டுக்கே வரவில்லை. ஒரு பாத்திக்குச் சோப்புத் தண்ணீர், ஒரு பாத்திக்கு வேப்பெண்ணெய், ஒன்றை அப்படியே விட்டுவிடுவது, எது எது என்று தெரியக் குச்சி நட்டு வேறு வேறு துணி கட்டுவது. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு இலை இருக்கும். அதையெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒன்றும் பலிக்காமல் அத்தனை செடியையும் பிடுங்கிக் கொளுத்தினோம் என்பதைச் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கவில்லை.

"பொழுதினிக்கும் அதே ரோசனைதானுங்க அவருக்கு," என்றேன்.

"அப்ப மேடம் எழுதினதுலயெல்லாம் அய்யாவோட பங்கு இருக்குதுங்களா?"

"பங்கா? கை அவளோடதுங்க. மூளை எங்கூட்டுக்காரரோடதுங்க."

அவன் ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்தான். நான் திரும்பிப் போய் மாட்டைக் கட்டினேன். மகளுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. நல்ல குடும்பத்துப் பெண், அறிவாளி அப்பாவுக்குப் பிறந்தவள் என்று விசாரிக்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பது போல. நம் பக்கம் ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தால் வீட்டுப் பெரியவரை உயர்த்தித்தானே சொல்வோம்? பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பெற்றவளே அளக்கக் கூடாது, அப்பனைச் சொன்னால் பிள்ளைக்கும் சேரும். அப்படித்தான் எனக்குத் தெரியும்.

நேர்காணல் முடிந்து அவள் நேராக இங்கேதான் வந்தாள். நான் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் கைப்பையோடு நின்றாள்.

"அம்மா, காலேஜ்ல இருந்து போன் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. மரியாதையான பையன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "கை மகளுடையது, மூளை தந்தையுடையது. இப்படிச் சொன்னீங்களா?"

நான் சொன்ன பேச்சை இப்படிப் புத்தகத் தமிழில் மாற்றி அவள் வாயால் கேட்டபோது, அது நான் சொன்னது மாதிரியே இல்லை. ஆனாலும், "ஆமா, சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்றேன்.

"கோப்புல எழுதி வெச்சுட்டாங்கம்மா. அப்பா ஓர் ஆராய்ச்சியாளரு, இறந்துட்டாரு, அவரு பேருல வந்த கட்டுரைங்களை மக தன்னோடதுன்னு சொல்றான்னு. பெரியவரு ஒருத்தரு நடுவுல உக்காந்து அதைச் சத்தமாப் படிக்கிறாரு. நாலு பேரு சிரிக்கிறாங்க."

"உங்கய்யன் கெழங்குதான் போட்டாருன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கெழங்கு போட்டவரு பேரு எப்படிங்க குழந்தை வயித்துக் கட்டுரையில வருதுன்னாரு. பாஸ்போர்ட்டுன்னேன். இனிஷியலுன்னேன். அவருக்கும் இனிஷியல் இருக்குதும்மா, அவரும் நம்மாளுதான். நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம், ஆனா கோப்புல இப்படி இருக்கறப்ப நாங்க எண்ண முடியாதுங்கறாரு."

நடுவில் இருந்த ஆளை அப்படியே தள்ளிவிட்டார்கள். நடுவில் இருப்பதே சந்தேகம் என்றால் முன்னால் இருப்பதும் சந்தேகம்தான் என்று கோழிக்காரியையும் தள்ளிவிட்டார்கள். மிச்சம் நின்றது திப்பி.

"அந்தக் கோமாளிப் பையன் உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்கம்மா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கொள்ளை வடிகட்டி ரசம் வைத்தேன். வைத்த ரசத்தை யாரும் தொடவில்லை.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவர் ஆராய்ச்சி செய்தார். அவள் மூளை அவருடைய மூளைதான், என்னுடையது இல்லை என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். கேட்டவனுக்குக் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கும் முன்னால் நானே கிளம்பிவிட்டேன். அவருடைய இறப்புச் சான்றிதழ், அவளுடைய பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, என் ஆதார் கார்டு, எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், வேண்டாம் என்றேன். கோபத்தில் இருக்கும்போது எனக்கு உட்கார வராது.

அந்தக் குமாஸ்தா நான் நினைத்த மாதிரி இல்லை. முடி நரைத்த, பயந்த சுபாவமுள்ள ஆள். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கி வரச் சொன்னான்.

"பாட்டி, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"நீ என்னைவிட அஞ்சாறு வயசுதான் எளையவனா இருப்பே. பாட்டிங்கறே?"

"சரிம்மா, சரிம்மா."

பையைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தச் சான்றிதழில் இருக்கும் மனுஷர் என் வீட்டுக்காரர். விவசாயி என்று போட்டிருக்கிறது பார். இந்த பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண் என் மகள், இந்தப் பத்திரிகையில் மணப்பெண்ணாக இருப்பவளும் அவளே. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாய்மொழியாகவும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றான்.

சொன்னேன். முழுப் பெயரையும், இனிஷியலோடு. கல்யாணமான நாள் முதல் என் வாயில் வராத பெயர். சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று இத்தனை காலம் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் தலையாட்டினான்.

"எனக்கு நல்லாப் புரியுதும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப மாத்தி எழுது."

"இண்டர்வியூ மினிட்ஸ் கையெழுத்தாகி மேல போயிருச்சும்மா. இனிமே நான் எழுதினா அது கோப்பைத் திருத்தின குத்தம் ஆயிடும்."

"தப்பை எழுதறப்ப குத்தம் ஆகலை, சரியானதை எழுதினா குத்தமா?"

அவன் டீயை என் பக்கம் நகர்த்தினான். நோட்டரியிடம் போய் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று சான்று வாங்கி வையுங்கள், அடுத்த தடவைக்கு உதவும் என்றான். அடுத்த தடவை எப்போது என்றேன். பதவி காலியாகும்போது என்றான். யார் ஓய்வு பெற்றால், யார் செத்தால் என்று அவன் சொல்லவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்து வாங்கிக் குடித்தேன், தலைவலி.

பதவி வேதியியல்காரருக்குப் போயிற்று. அவரைத் திட்டவாவது ஆசையாக இருந்தது. அதற்கும் வழியில்லை, நல்ல மனுஷராம். இரும்புமேல் துருப் பிடிக்காமல் பூசுகிற பூச்சைப் பற்றி எழுதுகிறவர். மகளிடம் வந்து, குழந்தை வயிற்றுக் கட்டுரை உங்களுடையது என்று எனக்குத் தெரியும் மேடம், நான் சொல்லியும் கேட்கவில்லை என்றாராம். தெரிந்தவர் எண்ணிக்கையில் சேரமாட்டார். எண்ணிக்கையை வைத்திருப்பவருக்குத் தெரியாது.

நோட்டரி சான்று வாங்கினோம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என் மகள் என் மகள்தான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வலைத்தளத்துக்கு அதையும் அனுப்பினாள். அவர்கள் ஒன்று கேட்பார்கள், இவள் அனுப்புவாள், பிறகு வேறொன்று கேட்பார்கள். தை பிறந்து, கிழங்கு வெட்டும் பருவம் முடிகிற நேரத்தில், மூன்று பேரையும் ஒன்றாக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். மகள் அதே மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று ஆட்களின் எண்ணையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், பெரிய எண்தான்.

திரையில் வந்தது அதைவிட ரொம்பக் குறைவு. நடுவில் இருந்தவருக்கு முன்னால் தனியாக இருந்த எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

"மூணையும் கூட்டலையா இவனுக?"

"இது கூட்டற கணக்கு இல்லைங்கம்மா," என்றாள். கட்டுரை பத்து இருந்து, ஒவ்வொன்றையும் பத்துப் பேராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பத்து. பதினொன்று ஆக வேண்டுமானால் பதினோரு கட்டுரைக்கும் பதினோரு பேர் வேண்டும். திப்பிக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பேர் என்றால் அது எத்தனை கட்டுரை ஆனாலும் மேலே ஏறாது. அத்தனையும் அடியில் கிடக்கும்.

"அப்ப இத்தனை வருசம் திப்பியில நின்னது?"

"நின்னதுதான்," என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் வேலைக்குப் பிறகு ஓடையில் முன்னைப் போல நாற்றம் இல்லை, அதை இரண்டு பேருமே சொல்ல நினைத்தோம். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஓடையைப் பார்த்து யாரும் பதவி கொடுப்பதில்லை.

அவளே பேச்சை மாற்றினாள். ஒன்றாக்கியாகிவிட்டது, இனி ஒரே பெயர்தான், எந்தப் பெயர் என்று வலைத்தளத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றாள். அடுத்த விண்ணப்பத்துக்கும் அதுதான் போகும்.

"என்னோட இனிஷியல்தானுங்க இப்ப காலேஜ்ல இருக்குது," என்றார் மாப்பிள்ளை. "அதையே வெச்சுட்டா அலைச்சல் மிச்சமுங்க அத்தை."

"அதிகம் பேரு எடுத்துச் சொன்னது அவ அய்யன் பேரைத்தானே?" என்றேன். "அதை உட்டுப்போட்டா உலகத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"நோட்டரிச் சான்றுல என்னோட இனிஷியல்தானுங்களே மொதல்ல இருக்குது."

"மாப்ள, அமெரிக்காக்காரன் உங்க கடைக்கு வந்து நட்டு போல்ட்டு வாங்கப்போறானா?"

அவர் சிரித்துவிட்டார். நாங்கள் இப்படி மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள், சிவப்பாகக் கோடு காட்டியது, விடாது போல. அந்தக் கட்டத்திலும் தன் பெயரையே போட்டு அழுத்திவிட்டாள். அவள் பெயர், மறுபடியும் அவள் பெயர். அப்பா எழுத்தும் இல்லை, மாப்பிள்ளை எழுத்தும் இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னமும் பிடிக்கவில்லை. ஒரு வீட்டைச் சேராத ஆள் மாதிரி அது என்ன பெயர் என்றேன்.

"யாரும் இனிமே உங்களுக்குப் போன் பண்ணி, அவரு இருக்காருங்களான்னு கேக்க மாட்டாங்கம்மா," என்றாள்.

"அதுக்கு இப்ப நாலாவதா ஒருத்தியப் பெத்து உட்டுட்டியா?"

நேர்காணலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, அடுத்த பதவிக்கு எப்போது அறிவிப்பு வரும் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். போனவள் வர நேரமாயிற்று. சோறு ஆறுகிறதே என்று நான் பின்வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் கூப்பாட்டுக்கு அவள் எந்த நாளிலும் வந்தவள் இல்லை. மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.